கூண்டுக்கு வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்

அக்கா,

கோர்ட்டில் சாட்சிக் கூண்டுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். நேற்று மாலை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்று காலை பல் துலக்கும்போதும் கையில் அந்த வாசனை போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "யாரைக் கேட்டு அடிச்சாங்க?" என்று ஒரு சத்தம் போட்டிருப்பீர்கள்.

என் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர் என்மேல் கை வைத்த வழக்கு. டவாலி என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். வராந்தாவில் எனக்கு நாலடி தள்ளி அவன் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே போகவில்லை. ஓடிப்போய்த் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கோர்ட் காவலரான நீங்கள் பின்னாலேயே அதே பஸ்ஸில் ஏறினீர்கள். பிடித்து இழுக்கத்தான் வருகிறீர்கள் என்று ஜன்னல் கம்பியை இறுக்கிக்கொண்டேன். நீங்களோ பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு டிக்கெட் எடுத்தீர்கள்.

மத்திகிரி தாண்டியதும் கேட்டீர்கள்: "ஏம்மா, அவனைப் பாத்து பயமா, அந்த எடத்தப் பாத்து பயமா?"

தெரியவில்லை என்றேன்.

"சரி, எடத்த மொதல்ல பாத்துடலாம் வா."

அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள், நீதிபதியிடம் அனுமதி வாங்கி, ஆளில்லாத கோர்ட்டுக்குள் அழைத்துப் போனீர்கள். கூண்டில் ஏற்றிவிட்டு, "தொட்டுப் பாரு, மரந்தான்" என்றீர்கள். குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட்டில் எதிரி என்பார்கள். அந்த எதிரி நிற்கும் இடத்தில் நீங்களே போய்க் கைகட்டி நின்றீர்கள். "இப்ப நாந்தான் அவன். என்னைப் பாக்காத. ஜட்ஜ் சேரைப் பாத்து உம் பேரைச் சொல்லு." ஏழெட்டுத் தரம் சொன்னேன். நடந்ததையும் சொல்லவா என்றதும் பதறிப்போய்த் தடுத்தீர்கள். "அத எங்கிட்ட சொல்லாத. என்னா சொல்லணும்னு நான் சொல்லித்தரவும் மாட்டேன். அது உன்னுது."

மறுநாள் சொன்னேன், அக்கா. ஒன்று விடாமல் சொன்னேன்.

எனக்குப் பிறகு வந்த பெண்களையும் அப்படியே முந்தின நாள் அழைத்துப்போய்க் காட்டினீர்கள். நீங்கள் மறைந்த பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. எனக்குப் பொறுக்கவில்லை. நானே அழைத்துப்போக அனுமதி கேட்டுக் கோர்ட்டுக்கு மனு எழுதினேன். "இதுக்கெல்லாம் விதி இல்லம்மா" என்று இரண்டு முறை திருப்பினார்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு மூன்றாம் முறையும் போய் நின்றேன். புதிய நீதிபதி கையெழுத்திட்டார்.

நேற்று நான் கூட்டிப்போனது ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் லட்சுமியை. அங்குள்ள மேஸ்திரி மேல் புகார் கொடுத்தவள். அவள் கூண்டில் ஏறிவிட்டாள். எதிரி நிற்கும் இடத்துக்குத்தான் என் கால் போகவில்லை; கூண்டையே பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் நின்ற அதே இடம். அன்று அங்கே போய் நிற்க உங்களுக்கும் கஷ்டமாக இருந்ததா? ஒருநாளும் கேட்காமல் விட்டேனே என்று அழுகை வந்தது.

"என்னாச்சுக்கா, நீ ஏன் அழுவுற?" என்றாள் லட்சுமி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். "நாந்தான் அவன். என்னைப் பாக்காத" என்றேன்.

இன்று பதினோரு மணிக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

இனி யார் வந்தாலும் முந்தின நாள் அங்கே போய் நிற்பேன், அக்கா. தொட்டுப் பார்த்துவிட்டேன். அவன் நின்ற இடமும் வெறும் சிமெண்டுத் தரைதான்.