கீப்பருக்குப் பின்னால் நின்றவனுக்கு

இன்று காலை எங்கள் குடியிருப்பு வாசலில் கிடக்கும் தென்னை நார் மிதியடியைக் காவலாளி தண்ணீர் ஊற்றி உதறிக்கொண்டிருந்தார். ஈர நாரின் வாடை மூக்கில் ஏறியதும், பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். திருமுல்லைவாயில் ரயில் பாதையை ஒட்டிய பொட்டலில், ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து, கிரிக்கெட் பிட்ச்சின் மேல் விரித்த தென்னை நார்ப் பாயின் வாடை அது. ஆட வந்த பதினோரு பேரில் அதைச் சுமந்தவன் நீ ஒருவன்தான். மற்ற பத்துத் துரைகளும் சட்டை கசங்காமல் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். நான் ஸ்கோர் எழுதுகிறவன் என்பதால் மறுமுனை என் தலையில் விழுந்தது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்த ஒரு கம்பெனிக்குக் கிரிக்கெட் அணி எதற்கு? மேனேஜர் வெள்ளை பேண்ட் போட்டுக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவருடைய மச்சினனுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. தற்காலிகக் குமாஸ்தாவாக ஒட்டிக்கொண்டிருந்த அவனை விக்கெட் கீப்பர் ஆக்கினார்கள். அப்படி ஒரு கீப்பரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவன் குனிய மாட்டான். குனிந்தால் பேண்ட் மடிப்பு போய்விடும். பந்து அவன் கால் நடுவே புகுந்து போகும்போது, யாரோ தெரிந்தவர் போகிறார் என்பது போலத் திரும்பிப் பார்ப்பான்.

அவனுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி நீ நின்றாய். லாங் ஸ்டாப். மட்டையிலும் படாமல் கீப்பர் கையிலும் சிக்காமல் வரும் பந்தை நிறுத்துகிற வேலை. நீ நிறுத்தாவிட்டால் எதிரணிக்கு அது பை ரன். கல்லில் பட்டு எகிறும் பந்தைக் கையால் பிடிக்க முடியாதபோது முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொள்வாய். கட்டிக்கொள்ளப் பேடு கிடையாது. இரண்டு கணைக்கால்களும் நாவல் பழ நிறத்தில் இருக்கும். ஏன் இப்படி அடிபடுகிறாய் என்று கேட்டேன். "தாண்டிப் போச்சுன்னா முள்ளுக்குள்ள நான்தான பூந்து எடுக்கணும்? அதுக்கு இது மேல் மாமே" என்றாய்.

அந்த வருடம் நம் அணி கொஞ்சம் ஜெயித்தது, நிறையத் தோற்றது. ஜெயித்தபோது எல்லோரும் வீரர்கள். தோற்றபோது பிட்ச் சரியில்லை. ஸ்கோர் புத்தகத்தில் நடந்ததற்குத்தான் கட்டம் உண்டு, நடக்காமல் தடுத்ததற்குக் கிடையாது. அதனால் நீ நிறுத்திய ஒவ்வொரு பந்துக்கும் பை வரிசையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். சீசன் முடியும்போது சில பக்கங்களின் ஓரமே கறுத்துப்போயிருந்தது.

ஆட்டக்காரர்களில் ஒரு தற்காலிகத்தை நிரந்தரம் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நீ மூன்று வருடமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துப் புது ஆள் போல மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். பட்டாபிராமில் உன் அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நிரந்தரமானால், உங்கள் குடும்பத்திலேயே மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நீ.

கேன்டீனில் கூட்டம். ஒவ்வொருவர் ஆட்டத்தையும் அலசி ஆளைத் தேர்ந்தெடுப்பதாகப் பேச்சு. அலசியதெல்லாம் போண்டாவுக்குத் தொட்டுக்கொண்ட சட்னியைத்தான். நீ வெளியே ஜன்னலடியில் பாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாய். மேனேஜர் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டி, பை ரன்களைக் கூட்டச் சொன்னார். கூட்டிச் சொன்னேன். பத்து விரலுக்குள் அடங்கிவிட்டது.

"ஒரு சீசன் முழுக்க இவ்வளவுதானா! என்னா கீப்பிங்டா!" என்று மச்சினன் முதுகில் தட்டினார். அந்த வெட்கங்கெட்டவன் தலையைக் குனிந்துகொண்டான். சீசன் முழுக்க அவன் குனிந்தது அப்போதுதான்.

"சார், அதெல்லாம் பின்னால நின்னவன் நிறுத்தினது" என்று புள்ளிகளைக் காட்டினேன். மேனேஜர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்னய்யா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி? ஓடாத ரன்னுக்கெல்லாமா ஸ்கோர் எழுதுவ?" என்றார். கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வேலை மச்சினனுக்குப் போனது. சாயங்காலம் பாயைச் சுருட்டும்போது நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "மேனேஜர் சிரிச்சாரு, சர்தான். அவன் சிரிச்சான், அதுவும் சர்தான். நீ இன்னாத்துக்கு மாமே சிரிச்ச?" நான் கயிற்றை இறுக்கிக் கட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

அடுத்த முறை உன்னை நிறுத்தியபோது நீ திரும்பி வரவில்லை. பட்டாபிராம் ரயில்வே சைடிங்கில் சரக்கு மூட்டை தூக்கப் போய்விட்டாய். மறு சீசனில் உன் இடத்தில் நிற்க ஒருவனும் முன்வரவில்லை. பந்து பந்தாக முள்ளுக்குள் போனது. பை ரன்னாலேயே தோற்றோம். கீப்பர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாருடைய பந்தோ என்பது போல நின்றான். நான் அந்தப் பை ரன்களை அப்படி ரசித்து எழுதினேன். அவனைப் பற்றியும் மேனேஜரைப் பற்றியும் அந்தப் போண்டாக் கும்பலைப் பற்றியும் ஐம்பது வருடமாகக் கேலி பேசியே காலம் தள்ளியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

போன மாதம் உன் வீட்டுக்கு வந்தபோது மாலையோடு வாசலில் படுத்திருந்தாய். உன் மகன், "நீங்க அப்பாவுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டான். ஒன்றாகக் கிரிக்கெட் ஆடினோம் என்றேன். "எங்கப்பாவா? ஆடுவாருன்னு சொன்னதே இல்லியே. நல்லா ஆடுவாரா?" என்றான். "ஒரு பந்து தாண்டாதுப்பா" என்றேன். வேட்டிக்கு வெளியே உன் கால் தெரிந்தது. அந்தக் காயங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என் வேலை போய்விடும் என்று பயந்து சிரித்ததாகத்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான் அப்போதே நிரந்தரம். என்னை அந்த மேனேஜரால் ஒரு மயிரும் பிடுங்கியிருக்க முடியாது. எல்லோரும் சிரித்தார்கள், அவர்களோடு சேர்ந்திருப்பது சுகமாக இருந்தது, அதனால் சிரித்தேன். ஜன்னலுக்கு வெளியே உன் கை பாயின் மேல் அப்படியே நின்றதையும் பார்த்தேன். பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.