வெள்ளிக்கிழமை விற்காத பங்கு

புதன்

காலையிலிருந்து தூறல். கந்தப்பளை பஸ் பிந்தியது. நான் படிப்பிக்கும் பாடசாலை வாசலில் அதிபரின் கடுத்த முகம். குடை வாங்க வேண்டும்.

நான் கிளம்பும்போது கொழுந்தன் சுதன் கட்டிலில். திரும்பியபோதும் கட்டிலில். கொழும்பு கம்ப்யூட்டர் கம்பெனி இவனை வேலையை விட்டு அனுப்பிய நாளிலிருந்து ஐயா முதலீட்டாளர். மாமி தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது வந்த சேமலாபக் காசு முழுவதும் ஒரு அமெரிக்க சாப்ட்வேர் கம்பெனியின் பங்கில். பங்குக் கணக்கு டுபாயில் இருக்கும் கூட்டாளி பெயரில், வாங்கி விற்கும் பட்டன் இவன் போனில். புது வீட்டுக் கூரைக்கான காசு அது. சுவர் எழும்பி நனைகிறது, நாங்கள் இன்னும் தோட்டத்து லயத்து அறையில்.

"திங்கக்கெழம கூர போட மேசன் பாஸ் வர்றாரு சுதா. தகரம் எடுக்கணும்," என்றார் மாமி.

"வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்கம்மா. அமெரிக்காவுல வேலைவாய்ப்புக் கணக்கு வருது. அதுக்கப்புறம் வித்துத் தர்றேன்."

வியாழன்

மழை. சுதனின் விளக்கவுரை: அங்கே வேலை கூடினால் வட்டியை இன்னும் ஏற்றுவார்களாம். வட்டி ஏறினால் இவன் பங்கு இறங்குமாம். ஆக, யாரோ நாலு பேருக்கு வேலை கிடைத்தால் இவனுக்குத் துக்கம். வேலை போனவனின் புத்தி இது.

கொழும்பில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "படிச்ச பய, அவனுக்குத் தெரியும். நீ விடு." படிப்பாம்!

வெள்ளி

பனிமூட்டம். வாங்க: கற்பூரம், சிவப்புப் பேனா.

மாமி விளக்கேற்றும் நேரம் கணக்கு வந்தது. ஆஸ்பத்திரி, ஹோட்டல்களில் வேலை தாராளம். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆள்குறைப்பு. மொத்தத்தில் கூடிவிட்டது. சந்தை திறந்ததும், ஏற்கெனவே நட்டத்தில் கிடந்த பங்கு இன்னும் சரியத் தொடங்கியது.

"வித்துடு," என்றேன்.

"என்னா பேச்சு இது? வெள்ளிக்கெழம, வெளக்கு வச்ச பொறகு எதையும் விக்கக் கூடாது. லட்சுமி போயிருவா," என்றார் மாமி.

"வித்தா காசு நம்ம கைக்குத்தான் வரும் மாமி."

"உப்பு, ஊசி கூட குடுக்க மாட்டோம். இதக் குடுக்கலாமா?"

சுதன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நட்டத்தை ஒத்துக்கொள்ளத் தைரியம் இல்லாதவனுக்கு லட்சுமி கிடைத்துவிட்டாள். கோயில் பக்கமே போகாத பயல், திருநீறு பூசிக்கொண்டான்! "அம்மா சொல்றது சரிதான் அண்ணி. திங்கக்கெழம பாப்போம்."

ஞாயிறு

அமெரிக்கச் சந்தை லீவு. இறங்க வழியில்லை என்பதால் சுதன் சந்தோஷமாக இருந்தான். ரொட்டி கூடுதலாகத் தின்றான்.

திங்கள்

பாஸ் வந்து, தகரம் இல்லாததால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பொழுது சாய்ந்து சந்தை திறந்தது. பங்கு பாதாளத்தில். விற்றான். மிஞ்சியது பாதிக் கூரைக்கும் காணாது.

மாமி திட்டவில்லை. "அன்னிக்கு நாந்தானே தடுத்தேன்?" என்று மட்டும் கேட்டார். "இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை இவன். போனைத் தடவிக்கொண்டிருந்தான். அருவருப்பாக இருந்தது.

செவ்வாய்

நல்ல குளிர். நான் எழும்பியபோது மாமி கொழுந்து பறிக்கப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவருக்கு நாட்சம்பளம் இல்லை. பறிக்கும் கொழுந்தின் நிறைக்குக் கைக்காசு. முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. எனக்கு அழுகை வந்தது.

வாசலில் கங்காணி: "என்னா ஆத்தா, திரும்பவுமா?"

"வீட்டுல சும்மா இருக்க முடியல தம்பி."

சுதன் கட்டிலில் இருந்தபடியே: "வேலைவாய்ப்பு இன்னும் கூடுமாம் அண்ணி."

கூடியாகிவிட்டது. இவன் அம்மாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது.