நீங்கள் ஏற்றுக்கொண்ட ஐந்து நாள்

அம்மா,

இன்று காலை எதிர்வீட்டுப் படலையில் வேப்பிலைக் கொத்துக் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக் கொப்புளிப்பானாம், அம்மாள் வருத்தம். பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடாத நான் படலையைத் தட்டி, பிள்ளைக்கு வேறு ஏதாவது மருந்து கொடுத்து வந்தீர்களா, அதை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் ஏன் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் எலும்பு மச்சையில் இரத்தம் ஊறாமல் போக, இந்தியாவுக்குக் கொண்டுபோய் அண்ணையின் மச்சையை எடுத்து எனக்கு ஏற்றுவித்தீர்கள். ஐந்து மாதம் கழித்து மொட்டைத் தலையோடு மானிப்பாய்க்குத் திரும்பினேன். கிருமிக்குப் பயந்து, பார்க்க வந்த சனத்தை முற்றத்தோடு நிறுத்தினீர்கள். கோயில் தீர்த்தத்தைக்கூடக் காய்ச்சி ஆற வைத்துத்தான் தந்தீர்கள். அதைக் கேள்விப்பட்டு ஐயர் சிரித்தாராம்.

அப்படிப்பட்ட நீங்கள்தான், என் உள்ளங்கை சிவந்து, பிறகு முகமும் நெஞ்சும் சிவந்து தடித்தபோது, அம்மாள் வந்துவிட்டா என்று நம்பினீர்கள். அந்த மாதம் ஊரெல்லாம் அம்மாள் வருத்தம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். என்னை வேப்பிலையில் கிடத்தினீர்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. கூடவே, நாள் தவறாமல் குடிக்க வேண்டும் என்று இந்தியாவில் தந்துவிட்ட என் மருந்தும் நின்றது.

"அம்மாள் வந்து நிக்கேக்கை மருந்து குடுத்தா அவ கோவிப்பா, பிள்ளை" என்றீர்கள்.

ஆறாம் நாள் தோல் உரியத் தொடங்கியது, வயிற்றாலும் போனது. காங்கேசன்துறையில் வேலையாக இருந்த அப்பா ஓடிவந்து, கார் பிடித்து, என்னை டொக்டரிடம் கொண்டுபோனார். மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று டொக்டர் கேட்டார்.

"நான்தான் ஐஞ்சு நாள் நிப்பாட்டினனான்" என்றீர்கள்.

"இது அம்மாள் இல்லை. அண்ணையின்ரை மச்சை இவவின்ரை உடம்பைப் பிறத்தி, தன்ரை இல்லை எண்டு நினைச்சு அடிக்குது. அதை அடக்கி வைக்கத்தான் அந்த மருந்து."

"என்ரை பிழைதான்" என்று நீங்கள் டொக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

நான் அப்போது வாய் திறந்திருக்க வேண்டும். எண்ணெய் போன்ற அந்த மருந்தைப் பாலில் கலந்து தருவீர்கள். மூக்கைப் பொத்தினாலும் தொண்டையில் இறங்காது. நீங்கள் சாமி விளக்கு ஏற்றப் போகும் நேரம் பார்த்து, அதைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிடுவேன். கை சிவக்க முன்னரே மூன்று கிழமையாக அதுதான் நடந்தது. வாழைக்கு ஒரு குறையும் வரவில்லை.

எப்படியோ பிழைத்தேன். ஆனால் தோல் இறுகிப்போனது. விரல்கள் இன்றும் முழுதாக விரியாது. கண்ணில் ஈரம் ஊறாது. அன்றிலிருந்து நான் மருந்து குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றீர்கள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, என் கண்ணுக்கு விடும் மருந்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தீர்கள். செவ்வாய்தோறும் பட்டினி கிடந்தீர்கள். அது அம்மாளுக்கு என்று சனம் நினைத்தது. எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பக்கத்திலிருந்து சோறு தின்றேன்.

உங்கள் கடைசிக் கிழமையில் என் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரிக்கப் பார்த்தீர்கள்.

"என்னாலைதானே பிள்ளை உந்தக் கை உப்பிடிப் போச்சு?"

சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருடப் பட்டினியும் வீண் என்று இப்போது எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அது சாட்டு, அம்மா. ஒன்பது வயதில் இருந்த அதே பயம்தான்.

"உதையெல்லாம் விடுங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு, என் கையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டீர்கள். அந்தக் கைதான், அம்மா, பாலை ஊற்றியது.