என் விசாவில் இருந்தவர்

அயோஸ் பெட்ரோஸ், கிரீஸ்
14-9-2025

அன்புள்ள இஃப்பத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனை எடுத்தாலே புருஷன் பெண்டாட்டி சண்டை வந்துவிடுகிறது. அதனால் பேனாவை எடுத்தேன். சுகமாக இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். ராஸ் அல் கைமா வெயில் கொஞ்சமாவது தணிந்ததா?

இங்கே நான் பறிக்க வந்த தக்காளி முடிந்தது. இனி ஆலிவ்தான். மலைச்சரிவில் கல் அடுக்கித் தட்டுத் தட்டாக மரம் வைத்திருக்கிறார்கள். காற்று திரும்பினால் இலையெல்லாம் வெளுத்துவிடும். ஊரில் மொத்தம் நாற்பது வீடு, பாதி பூட்டிக் கிடக்கிறது. ஆட்டு மணியை விட்டால் வேறு சத்தமே இல்லை. சாப்பாடு தோட்டக்காரர் ஸ்டாவ்ரோஸ் வீட்டில். அவர் மனைவி எனக்கென்று புதுச்சட்டி வாங்கி, பன்றி படாமல் தனியாகச் சமைக்கிறார். துபாயில் கடையை மூடிவிட்டு ஒரு வருஷம் உன் சோபாவில் கிடந்தவன், இப்போது நாளெல்லாம் தோப்பில் நிற்கிறேன். நம்புவாயா?

உன்,
ரிபாய்


ராஸ் அல் கைமா
5-10-2025

மச்சானுக்கு, இஃப்பத் சலாம் சொல்லி எழுதுவது.

மரம், காற்று, ஆடு எல்லாம் நலம் என்று தெரிந்துகொண்டேன். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள், அதுவும் வெயிலைப் பற்றி!

நான் ஃபாக்டரி ஆபீசுக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்துவிடுகிறேன். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு நாகவள்ளிதான் வாங்கிக்கொள்கிறாள். "அண்ணன் எப்பக்கா வருவாரு?" என்று தினமும் ஒரு கேள்வி.

நீங்கள் இருப்பது என் விசாவில், மறந்துவிடாதீர்கள். மே 28இல் போனீர்கள். நூற்றெண்பது நாளுக்கு மேல் வெளியே இருந்தால் விசா செத்துவிடும். நவம்பர் 24க்குள் இங்கே வந்து இறங்கிவிடுங்கள். உங்களுக்கு விசா கொடுத்த கஃபீல் சொல்கிறேன், கேளுங்கள்! சிரிக்கத்தான் எழுதினேன், முறைக்காதீர்கள். சீக்கிரம் வாங்க மச்சான். வீட்டில் இருக்கப் பிடிக்கவே இல்லை.

இஃப்பத்


அயோஸ் பெட்ரோஸ்
2-11-2025

இஃப்பத், கோபப்படாமல் படி. டிக்கெட் போடவில்லை.

அறுவடை நடக்கிறது. மரத்தடியில் வலை விரித்து, கம்பால் தட்டி உதிர்க்கிறோம். செக்கிலிருந்து வந்த முதல் எண்ணெயைச் சுட்ட ரொட்டியில் ஊற்றித் தந்தார்கள். பச்சைப்பசேலென்று, தொண்டையில் காறியது. உனக்கு ஒரு துண்டு தர முடியவில்லையே என்று அழுகை வந்துவிட்டது.

ஸ்டாவ்ரோஸ் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார். தோப்புக்குக் கீழே ஒரு சின்ன வீட்டின் சாவியும் கொடுத்துவிட்டார். நம் காயல்பட்டின வழக்கப்படி கல்யாணமானதும் உன் உம்மா வீட்டுக்குக் குடிவந்தேன். கடை போனபின் ராஸ் அல் கைமாவில் உன் விசாவில் இருந்தேன். எல்லோருக்கும் நான் "இஃப்பத் மாப்பிள்ளை". உன்மேல் குறையே இல்லை, அல்லாஹ் அறிவான். ஆனால் நாற்பத்தாறு வயதில் இப்போதுதான் ஒரு கதவை என் சாவியால் திறக்கிறேன்.

உன் உம்மாவின் வைத்தியம் உன் சம்பளத்தில்தான் ஓடுகிறது, நீ வேலையை விட முடியாது. தெரிந்தும் கேட்கிறேன். இங்கே வந்துவிடேன்.

ரிபாய்


ராஸ் அல் கைமா
20-11-2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் உலையே வைக்கவில்லை. அவ்வளவு கோபம்.

நேற்று ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு, விசா பேப்பரெல்லாம் போடும் டைப்பிங் சென்டருக்குப் போனேன். மாப்பிள்ளை விசாவை கேன்சல் செய்ய வேண்டும் என்றேன். அங்கே இருக்கும் சாகிர் நம் பக்கத்து ஆள்தான். "இன்னும் அஞ்சு நாள்தானே லாத்தா, அதுவாப் போயிடுமே. எதுக்கு மெனக்கெட்டு கேன்சல் பண்றீங்க?" என்று கேட்டார்.

அவரிடம் ஃபார்மைக் கேட்டு வாங்கினேன். காரணத்தை உங்களிடம் சொல்கிறேன். அதுவாகப் போனால் நீங்கள் என்னிடம் வராமல் இருந்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். அதை நினைத்துக்கொண்டே மிச்ச காலத்தை ஓட்ட என்னால் ஆகாது. நான் கேன்சல் செய்தால், நானே உங்களை அனுப்பிவைத்ததாக இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என்னால் அங்கே வர முடியாது. உங்களையும் இனி வரச்சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை சொன்னால் வந்துவிடுவீர்கள், வந்து பழையபடி தலையைக் குனிந்துகொண்டு திரிவீர்கள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. குளிருக்குச் சட்டை இரண்டு பார்சல் போட்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது மச்சான். அது வேறு விஷயம்.

இஃப்பத்