அப்பாவின் பாட்டிலில் இருந்த தண்ணீர்

அக்டோபர் 6

இன்று ஐம்பத்தெட்டு தண்ணீர் மீட்டர், இரண்டு நாய், கடி இல்லை. நல்ல நாள் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டு எண்களை எழுதியே பதினேழு வருஷம் ஓட்டிவிட்டேன். சொந்தமாக எழுதுவது இந்த நோட்டு ஒன்றுதான்.

சாப்பிடும்போது வீட்டுக்காரி கேட்டாள்: “மாமா போய் நாலு மாசமாச்சு. மாடி ரூம்ல இருக்கிறத என்ன பண்றதா உத்தேசம்?”

மாடி ரூமில் இருப்பது அப்பாவின் தெர்மாமீட்டர்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பாய்லர் பார்த்தவர். அங்கே தூக்கிப் போட்டதையெல்லாம் வீட்டுக்குத் தூக்கி வந்தவர். காய்ச்சல் பார்க்கிறது, அறைச் சூடு பார்க்கிறது, மேஜைமேல் நிறுத்துகிற பழைய பிரஷர் கருவிகள். எட்டாவது தாண்டாத மனிதருக்குத் தெருவில் ‘டிகிரி’ என்று பட்டப்பெயர். டீ சிந்துகிற அளவுக்குக் கை ஆடியது, கடைசியில் கிட்னியும் போய்விட்டது. வயசானால் அப்படித்தான் என்றார்கள்.

“கீழ கொண்டுவரப் போறேன்” என்றேன்.

“நல்லதாப் போச்சு” என்றாள். அவள் அப்படிச் சொன்னால் நல்லதாகப் போகவில்லை என்று அர்த்தம்.

அக்டோபர் 11

முதுகு விட்டுப் போச்சு. பன்னிரண்டு நடை மாடிக்கும் கீழுக்கும்.

அந்த அறை ஜன்னலுக்குக் கதவே கிடையாது. அப்பாவே கழற்றிப் போட்டுவிட்டார். சாரல் அடிக்கும், குளிர் வரும், அவர் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். அறைக்கென்றே வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வெளியே வந்தால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவல். தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூலையில் ஒரு ஜாம் பாட்டில். உடைந்த கருவிகளிலிருந்து சேர்த்த பாதரசம், பாதி பாட்டில் இருக்கும். மேலே இரண்டு விரல் உயரம் தண்ணீர் நின்றது. மழை இறங்கியிருக்கிறது, கவனிக்க ஆளில்லை என்று மனசு கஷ்டப்பட்டது. தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துணியால் ஒற்றி எடுத்தேன். என்ன பளபளப்பு. துருப்பிடித்து ஓட்டை விழுந்த மூடி, திறந்தபோதே உடைந்து கையோடு வந்துவிட்டது. பரவாயில்லை, திறந்திருந்தால்தான் அழகு.

ஒன்பது வயதில் அந்த வாசலில் ஒரு தரம் காலை உள்ளே வைத்தேன். “உள்ள வராதே” என்று ஒரு சத்தம். அடிக்கவில்லை, அடித்திருந்தால் மறந்திருப்பேன். மகனைவிடக் கண்ணாடிக் குழாய் பெரிதாகப் போய்விட்டது மனிதருக்கு என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பிள்ளை அந்த வாசலில் நிற்க மாட்டாள். பின்கட்டு அறையில், அவள் படிக்கிற மேஜைக்கு மேலேயே அலமாரி அடித்துவிட்டேன். ஒரு ஆணி கோணல்.

அக்டோபர் 12

மகள், எங்கள் வாலு, முழு ஞாயிற்றுக்கிழமையும் என்னோடுதான். எட்டு வயசுக்கு என்ன கேள்வி.

“தாத்தா ஏன் உங்கள உள்ளயே விடல?”

“அவருக்கு இதுங்க மேலதான் பாசம்.”

“இல்ல, நீங்க உடைச்சிருவீங்கன்னு தெரிஞ்சிருக்கும்.”

எண்ணினோம். நூற்று நாற்பத்து மூன்று.

அக்டோபர் 27

இப்போது மீட்டர் பார்க்கப் போகிற வீடுகளில் எல்லாம் கேட்டுவிடுகிறேன், பழைய தெர்மாமீட்டர் ஏதாவது இருக்கா என்று. பாதிப் பேர் கதவைச் சாத்துகிறார்கள். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் மட்டும் பரண் மேலிருந்து ஒரு பிரஷர் கருவியை இறக்கிக் கொடுத்தார். “பத்திரம்பா. உள்ள இருக்கிறது பொல்லாதது.” கண்ணாடியைச் சொல்கிறார். மடியில் வைத்துக் குழந்தை மாதிரி பஸ்ஸில் கொண்டுவந்தேன். நூற்று நாற்பத்து நான்கு. அப்பா பார்த்திருந்தால் ஒரு தலையாட்டல் கிடைத்திருக்குமோ?

நவம்பர் 9

நர்ஸம்மா கொடுத்தது கீழே விழுந்தது. கோணல் ஆணி. மறுபடியும் நூற்று நாற்பத்து மூன்று.

ஆனால் உடைந்ததில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? தரை முழுக்க வெள்ளி மணிகள். தொட்டால் ஓடுகிறது, இரண்டு சேர்ந்தால் ஒன்றாகிறது. வாலு காகிதத்தை மடித்துத் துரத்த, நான் துடைப்பத்தோடு மறிக்க, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிடித்ததை ஒரு தட்டில் உருட்டி உருட்டி விளையாடினாள். கொஞ்சம் மேஜைக்கு அடியில், தரைப் பலகை இடுக்கில் போய்விட்டது. போகட்டும்.

அப்பாவோடு இப்படி ஒரே ஒரு நாள் கிடைத்திருந்தால்.

நவம்பர் 30

குளிர் பிடித்துக்கொண்டது. பின்கட்டு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி திணித்து, ஹீட்டர் வைத்தேன். அறைச் சூடு எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள் இந்தத் தெர்மாமீட்டர்கள். எங்கள் குடும்பம் மாதிரியே.

டிசம்பர் 14

வாலு சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்தக் குளிரிலும் சட்டை நனைய வேர்க்கிறது. தொட்டதற்கெல்லாம் அழுகை. “செல்லம் குடுத்துக் கெடுத்தது நீங்க” என்கிறாள் வீட்டுக்காரி. இருக்கலாம்.

டிசம்பர் 22

உள்ளங்கையும் பாதமும் சிவந்து, விரல் நுனியில் தோல் உரிகிறது. கிளினிக்கில் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார்கள். சோப்பை மாற்றியாயிற்று.

ஜனவரி 3

ஆபீஸில் மேலதிகாரி என் மீட்டர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். “இது மூணா எட்டா? காலையிலயே போட்டுட்டுக் கிளம்பிட்டீங்களா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். டீ தம்ளரைப் பிடித்தால் கை லேசாக ஆடுகிறது, உண்மைதான். நாற்பதை நெருங்கியாச்சே.

வீட்டில் அட்டையைப் பார்த்துவிட்டு அவள், “அப்படியே மாமா கையெழுத்து” என்றாள்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் — சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 11

கால் வலிக்கிறதாம். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கே படுக்கிறாய் என்றால், “அப்பா ரூம்ல.” பின்கட்டு அறையைத்தான் சொல்கிறாள். ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஜனவரி 19

பெரிய ஆஸ்பத்திரி. வாலுவுக்கு பிரஷர் பார்த்த பெண் ஒரு தரம் பார்த்தாள், வேறு கருவி கொண்டுவந்து மறுபடி பார்த்தாள், வெளியே போனாள். வயசான டாக்டரம்மா ஒருவர் வந்தார். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“வீட்ல எப்பவாவது தெர்மாமீட்டர் உடைஞ்சுதா?”

நான் சிரித்தேன். பெருமையாகச் சொன்னேன்: “எதைக் கேக்கறீங்க டாக்டர்? எங்க வீட்ல நூத்தி நாப்பத்தி மூணு இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜன்னல், ஹீட்டர், துடைப்பம், தட்டு, பாட்டில். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

“பாதரசம் ஆவியாகும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. சூட்டுல இன்னும் வேகமா. இனிமே அந்த வீட்டுக்குள்ள குழந்தை போகக் கூடாது. இன்னைக்கே.”

“அப்பா காலத்துல பாட்டில் மேல தண்ணி நின்னுது டாக்டர். மழைத்தண்ணி. நான்தான் கொட்டிட்டு—”

“மழைத்தண்ணி இல்ல. வேணும்னே ஊத்தி வெச்சிருக்கார். தண்ணி மூடியிருந்தா ஆவி அவ்வளவா எழும்பாது. வெச்சவருக்கு விவரம் தெரிஞ்சிருக்கு.”

ஜனவரி 20

தெரிஞ்சிருக்கு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

கதவில்லாத ஜன்னல். செருப்பு. சோப்பு. உள்ள வராதே. எல்லாத்தையும் நான் கிறுக்குன்னு நெனச்சேன். ஒண்ணு ஒண்ணா எடுத்துக் கழட்டி, என் புள்ள தலைக்கு மேல கொண்டுபோய் வெச்சேன், அதுவும் பாசத்தோட.

ஏம்பா சொல்லல? ஒரு வார்த்தை. விஷம்டா, அதான். முப்பது வருஷம் உன்கூடப் பேசாம இருந்ததுக்கு ஒரு வார்த்தை போதுமே.

தெரிஞ்சும் ஏன் நீ மட்டும் உள்ளயே உக்காந்திருந்தே? கை ஆடி, டீ சிந்தி, கிட்னி போற வரைக்கும்?

பிப்ரவரி 2

எங்கள் மூவருக்கும் சோதனை முடிவு வந்துவிட்டது. வீட்டுக்காரிக்குக் கொஞ்சம். எனக்கு நிறைய. வாலுவுக்கு என்னைவிட நிறைய. அதை வெளியேற்ற மாத்திரை கொடுக்கிறார்கள். தாயும் மகளும் மச்சான் வீட்டில். மச்சான் என்னிடம் நல்லாத்தான் பேசுகிறார். அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டுக்காரி பேசுவதே இல்லை.

வாலு என்று கூப்பிட இப்போது ஒரு மாதிரி இருக்கிறது. அவளிடம் வால்தனம் எதுவும் மிச்சமில்லை.

பிப்ரவரி 10

முகமூடியும் கையுறையும் போட்ட நான்கு பேர் வந்து எல்லாவற்றையும் மூடி போட்ட பீப்பாய்களில் எடுத்துப் போனார்கள். பலகைகளைப் பெயர்த்தார்கள். மேற்பார்வையாளர், “பெரும்பாலும் எடுத்தாச்சு” என்றார். பெரும்பாலும் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். வாரம் ஒரு தரம் வந்து அளப்போம் என்றார். நான் மாடியில் படுத்துக்கொள்கிறேன், கதவில்லாத ஜன்னல் பக்கத்தில். குளிர்கிறது.

பிப்ரவரி 24

பாதி குறைந்திருக்கிறது அவளுக்கு. ஒரு இட்லித்துண்டு சாப்பிட்டாள் என்று சொல்ல வீட்டுக்காரியே போன் செய்தாள். அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 8

கடைசி அளவு வருகிற வரை யாரும் வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மீறி வந்துவிட்டார்கள், பள்ளிக்கூடப் புத்தகம் வேண்டுமாம். நான் அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்கட்டு அறையில் சுவரோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கதவை எடுத்துவிட்டதால் வெயில் நேராகத் தரையில் விழுந்தது.

வாசலில் அவள். கால்கள் குச்சியாக, ஆனால் தானே நடந்து வந்திருக்கிறாள்.

“அப்பா, அங்க பாருங்க. இன்னொன்னு.”

அவர்கள் பெயர்க்காமல் விட்ட கடைசிப் பலகையின் விளிம்பில், கடுகளவு, வெயிலில் மின்னியது. அவள் ஒரு காலைத் தூக்கி நிலைக்கு இந்தப் பக்கம் வைக்கப் போனாள்.

“உள்ள வராதே.”

என் குரல் இல்லை அது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். முற்றத்தில் நின்ற வீட்டுக்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அழவில்லை. என் காலிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

“அப்ப நீங்க மட்டும் ஏன் உள்ள இருக்கீங்க?”

துணியை அப்படியே போட்டேன். நிலையடியில் செருப்பைக் கழற்றி உள்பக்கமாகவே விட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, பாட்டிலில் இருந்த தண்ணீரிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.