ஸ்பீக்கரில் போட்டுப் பேசு

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது, "வந்துடு" என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஒரு போன், பெண்கள் பேசினால் ஸ்பீக்கரில்தான் என்பது அப்பாவின் சட்டம். ஒருமுறை அதை அணைக்கப் போனேன். "ரகசியம் பேச நீங்க என்ன மந்திரிகளா?" என்று சிரித்தார். போன ஞாயிறன்றும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"உன் ரூம்ல என் கட்டில் இன்னும் இருக்காடி?" என்றாய், விளையாட்டுப் போல.

இருக்கிறது. போன முறை உன் முதுகில் மருந்து தடவிய அன்றே அதற்குப் புது விரிப்பு போட்டுவிட்டேன். அதைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள், "அங்க உனக்கு என்னம்மா குறை?" என்றார் அப்பா. உன் பக்கத்தில் அத்தான் இருமினார். அங்கேயும் ஸ்பீக்கர்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஒரு குறையும் இல்லப்பா" என்றாய்.

எனக்கென்று ஒரு போன் கேட்டேன். "கட்டிக்கப்போறவன் வாங்கித் தருவான்" என்கிறாள் அம்மா. உனக்கும் இதையேதான் சொன்னாள்.

இதை உங்கள் தெருத் தையல்காரம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா உன்னை உள்ளே விடுவாரா என்று தெரியாமல் அதை எழுதக் கை வரவில்லை.

நேற்று உன் எண்ணுக்கு அழைத்தோம். அத்தான் எடுத்தார். உன் போனை விற்றுவிட்டு, சிம்மைத் தன் போனில் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். "அதுவும் சரிதான் மாப்பிள்ளை" என்றார் அப்பா.

உன் தங்கை