கழுதையை விற்க மாட்டேன்

அன்புள்ள ஒல்லிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. எட்டு மாதம் கழித்து எழுதினாய், அதுவும் ஆறே வரி. படகில் உன் பங்கை எங்கள் மூன்று பேருக்கே விட்டுவிடுகிறாயாம். முடிந்தால் விற்றுவிட வேண்டுமாம். இனி யாரும் அதைத் தண்ணீரில் இறக்கக் கூடாதாம். என் பதில் இதுதான்: கழுதையை விற்க மாட்டேன். திருப்பினால் திரும்பாது, நிறுத்தினால் நிற்காது என்று அந்தப் பாய்மரப் படகுக்குக் கழுதை என்று பெயர் வைத்தவளே நீதான். பெயர் வைத்தவள் அவ்வளவு சுலபமாகக் கைகழுவ முடியாது.

என் கையைப் பற்றிக் கேட்கத் தயங்கியிருப்பாய். நானே சொல்கிறேன். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போனது போனதுதான். புண் ஆறிவிட்டது. குளிர்ந்த காற்று பட்டால், இல்லாத விரல்கள் இரண்டும் வலிக்கின்றன. கடைக்குப் போகிறேன், பழையபடி திரைச்சீலை தைக்கிறேன். ஜன்னல் அளவு சொல்ல வருகிறவர்கள் ஜன்னலை மறந்துவிட்டு என் கையையே பார்க்கிறார்கள். நான் அளவு நாடாவை அந்தக் கையாலேயே நீட்டுகிறேன்.

வீட்டில் தினமும் இதே பேச்சுதான். நான் கடல் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்கிறார் என் வீட்டுக்காரர். போன வாரம் என் கூடப்பிறந்த அண்ணன் போன் பண்ணி, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வீம்பு" என்றார். "வீம்புக்கு வயசு வரம்பு இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்று வைத்துவிட்டேன்.

படகு இப்போது துறைக் கொட்டகையில் மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. இத்தனை மாதமாகத் தண்ணீரிலேயே கிடந்ததில் அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி. பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மல்லாந்து படுத்துக்கொண்டு சுரண்டுகிறாள். "இவ்வளவு காரையோட எந்தப் பேஷண்ட்டும் என்கிட்ட வந்ததில்ல" என்கிறாள். டிரைவர் அண்ணன் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, காக்கிச் சட்டையைக் கூட மாற்றாமல் உப்புத்தாளோடு வந்துவிடுகிறார். பக்கவாட்டில் ஒரு முழ நீளம் விரிசல் இருந்தது. அதற்குப் பட்டி பார்த்து, காயவைத்து, தேய்த்து, மறுபடியும் பட்டி பார்த்திருக்கிறோம். பாய்க் கயிறு ஓடும் பழைய கப்பியைக் கழற்றிப் போட்டாயிற்று.

பாயை மட்டும் நான் யாரையும் தொட விடவில்லை. கடையில் மேஜைகளை ஓரங்கட்டிவிட்டு, தரையில் விரித்துத் தைத்தேன். தையல் பிரிந்த இடம் இரண்டு ஆள் நீளம். நடுவில் என் ரத்தக் கறை இருக்கிறது, எந்தச் சோப்புக்கும் போகவில்லை. மேலே ஒட்டுப்போட்டு மறைத்துவிடலாம் என்றாள் டாக்டர். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்றேன்.

கோடைப் படகுப் பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். சங்கத்துச் செயலாளர் என் கையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், டாக்டர் சான்றிதழ் கேட்டார். பக்கத்தில் நின்றவளைக் காட்டி, டாக்டரே வந்திருக்காங்க என்றேன். பல் டாக்டர் செல்லாதாம். மறுநாள் செல்லுகிற சான்றிதழோடு போய் நின்றேன். படகின் பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதியதைப் பார்த்துவிட்டு, "ஆளே இல்ல, பேரு எதுக்கும்மா" என்றார். "ஆளு வரும்போது பேரு இருக்கணுமில்ல சார்" என்றேன்.

உன் கடைசி வரிக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதப் போவதில்லை. "திரும்பறேன்னு நான் கத்தினேனா இல்லையா, எனக்கே ஞாபகம் இல்ல" என்று எழுதியிருக்கிறாய். அன்று நீ சுக்கானைத் திருப்பியபோது அடித்த காற்றில் யாருக்கு என்ன கேட்டிருக்கும்? அதை விடு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் தோழி

அன்புள்ள ஒல்லிக்கு,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

பந்தயங்கள் முடிந்துவிட்டன. முதல் பந்தயத்தில் கடைசி. இரண்டாவதில் சுற்றித் திரும்ப வேண்டிய மிதவையை இடித்துவிட்டு, அதிலும் கடைசி. படகு ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் டிரைவர் அண்ணன் பழக்கதோஷத்தில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்துவார்; டாக்டருக்குச் சிரிப்பு வந்து சுக்கானை விட்டுவிடுவாள். ஆமாம், உன் இடத்தில் சுக்கான் பிடிப்பது அவள்தான். முன்பாய் டிரைவர் அண்ணனுக்கு. பெரிய பாயின் கயிறு எனக்கு, முன்பு போலவே. அதை வேறு யாருக்காவது கொடு என்று எல்லோரும் சொன்னார்கள். கொடுக்கவில்லை. உள்ளங்கையில் அழுத்தி, மூன்று விரலால் மடக்கி, காலை முட்டுக்கொடுத்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பக்கத்துப் படகுக்காரன் "கையப் பாத்துக்கக்கா" என்று கத்தினான். அந்தக் கையாலேயே டாட்டா காட்டினேன். மூன்றாவது, நான்காவது பந்தயங்களில் ஆறாம் இடம் வந்தோம்.

கடைசிப் பந்தயம் போன ஞாயிற்றுக்கிழமை. மொத்தம் பதினொரு படகு. பாதி வழியில் காற்று ஏறியது. நான்கு படகுகள் பாயை இறக்கிவிட்டுத் துறைக்குத் திரும்பிவிட்டன. டாக்டர் என்னைப் பார்த்தாள். போ என்றேன். கழுதை அன்றைக்குக் குதிரையாகிவிட்டது, ஒல்லி. தூர மிதவையை நெருங்கும்போது நாங்கள் மூன்றாவது. இரண்டாவது படகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மூன்றாம் இடம் வரைக்கும் கோப்பை உண்டு. டாக்டர், "திரும்பறேன், கயித்த விடு" என்று கத்தினாள்.

இன்னும் ஒரே ஒரு இழுப்பு இழுத்திருந்தால் முந்தியிருப்போம். அது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கயிற்றை விட்டேன். படகு அகலமாகத் திரும்பியது, உள்பக்கமாக இன்னொருத்தன் நுழைந்து போய்விட்டான். நான்காம் இடம், கோப்பை இல்லை. "ஏம்மா, ஒரு இழு இழுத்திருந்தா போயிருக்கலாமே" என்று டிரைவர் அண்ணன் ஆற்றாமையோடு கேட்டார். நான் கயிற்றைச் சுருட்டி வைத்தேன்.

சாயங்காலம் கொட்டகை மாடியில் பரிசளிப்பு. என் வீட்டுக்காரரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோப்பைகள் கொடுத்து முடித்ததும் செயலாளர் மைக்கில், "ஒருத்தரோட கவனக்குறைவால விரலை இழந்தும் மனசை விடாத நம்ம சகோதரிக்கு" என்று ஆரம்பித்து, துணிச்சலுக்கென்று ஒரு கேடயத்தை நீட்டினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் கேடயத்தை விட்டுவிட்டு மைக்கை வாங்கினேன்.

"கவனக்குறைவு அவளோடது இல்ல. அன்னைக்கு அவ கத்தினா. ரெண்டு தரம் கத்தினா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தா முந்திடலாம்னு நான்தான் கயித்த விடல. பாய் அந்தப் பக்கம் அடிச்சப்ப கயிறு என் கையோட கப்பிக்குள்ள போச்சு. இந்தக் கேடயம் எனக்கு வேண்டாம்" என்றேன். செயலாளர், "இதை இப்ப சொல்லணுமாம்மா" என்று முணுமுணுத்தார். இப்பத்தான் சொல்லணும் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஒல்லி, நீ கத்தினாய். ஞாபகம் வைத்துக்கொள். காற்றில் யாருக்கு என்ன கேட்டிருக்கும் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது பொய்.

ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது எல்லோரும் உன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வலி தாங்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் வலி குறைந்திருந்தது, அப்போதும் சொல்லவில்லை. அடிபட்டவள் என்றால் ஊரே உச்சுக்கொட்டுகிறது. ஆத்திரக்காரி என்றால் யார் கொட்டுவார்கள்? அதற்குள் நீ வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, ஊரைவிட்டே போய்விட்டாய். இந்தக் கோடை முழுக்க வீட்டோடும் கூடப்பிறந்த அண்ணனோடும் சங்கத்தோடும் மல்லுக்கு நின்றேன். யாருக்கும் பயப்படவில்லை. உன் ஆறு வரியை மட்டும் இரண்டாம் தடவை எடுத்துப் படிக்கத் தைரியம் வரவில்லை.

பரிசளிப்பு முடிந்து அன்று வீட்டுக்கு நடந்தே வந்தோம். சாவியைத் திருப்பும்போது என் வீட்டுக்காரர், "இத்தனை மாசமா அவளத் திட்டிக்கிட்டே இருந்தேனே, ஒரு நாளாவது நிறுத்துன்னு சொன்னியா நீ" என்றார். மூன்றாம் நாள் ஒரு பெரிய தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் போட்டார். மழைக்கு முன்னால் படகை மூட வேண்டுமாம், அளவு சரியாக இருக்குமா என்று கேட்டார். அவரால் முடிந்தது அவ்வளவு.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதிவிடாதே. அது உனக்குச் சுலபம், எனக்கு வேண்டாம். திட்டு. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டி எழுது. காகிதத்தில் அடங்காது என்றால் நேரில் வந்து, துறையில் நாலு பேர் நடுவில் நிறுத்தி வைத்துத் திட்டு. வாய் திறக்காமல் நிற்கிறேன். அது வரைக்கும், எந்த ஊரில் எந்த அறையில் இருந்தாலும், நீ கண்மூடி நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

இப்படிக்கு,
நீ இன்னும் ஒத்துக்கொண்டால்,
உன் தோழி